கெல்ம்ஸ்காட் மேனர்: ஒரு பண்ணைவீட்டின் கல்லும் கூரையும்

மழைத்தடம்:
எல்லோருக்கும் வணக்கம். ஆக்ஸ்போர்டுஷையரின் மேற்கு ஓரத்தில், தேம்ஸ் நதிக்குப் பக்கத்தில் கெல்ம்ஸ்காட் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே உள்ள கெல்ம்ஸ்காட் மேனரைப் பார்த்துவிட்டு வந்தேன். கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1871-இல் குத்தகைக்கு எடுத்த வீடு என்பதற்காகத்தான் பலரும் அங்கே போகிறார்கள். சுவர்த்தாள், திரைச்சீலை, பூவேலைப்பாடு என்று நேராக உள்ளே நுழைந்துவிடுகிறார்கள். எனக்கு வெளியே நின்று பார்த்த கட்டடமே அன்றைக்குப் போதுமாக இருந்தது.

1600 வாக்கில் டர்னர் என்ற விவசாயக் குடும்பம் கட்டிய வீடு அது. பெயரில்தான் மேனர் இருக்கிறது, ஜமீன் மாளிகை எல்லாம் இல்லை. அந்தப் பெயரே 1860-களில் வந்து ஒட்டிக்கொண்டது. அதுவரை வெறும் பண்ணைவீடுதான்.

விவரம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். ஒன்று, கூரைக் கற்பலகைகள் இறவாணத்தில் பெரிதாக இருக்கின்றன, முகட்டை நோக்கிப் போகப் போகச் சிறுத்துக்கொண்டே வருகின்றன. ஏன்? இரண்டு, சுவர்கள் மேலே போகும்போது கொஞ்சம் உள்வாங்கிச் சாய்ந்த மாதிரி தெரிகிறது. மோரிஸும் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார், அதனால் என் கண் கோளாறு இல்லை. மூன்று, வடகிழக்குப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி மட்டும் வேறு யாரோ கட்டியதுபோல் இருக்கிறது. அங்கே மேல் ஜன்னல்களின் தலையில் சின்ன முக்கோண முகப்பு வேறு. அது எப்படி அங்கே வந்தது?

காரைவாளி:
நல்ல கேள்விகள். இங்கிலாந்தில் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவன் என்பதால் கூரையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அது களிமண் ஓடு இல்லை, வேல்ஸ் நாட்டுக் கருநீல ஸ்லேட்டும் இல்லை. சுவரில் இருப்பதுபோலவே சுண்ணாம்புக்கல்தான், ஆனால் படுகை படுகையாகப் பிரியக்கூடிய வகை. சில இடங்களில் தோண்டும்போதே மெல்லிய பலகைகளாக வந்துவிடும். ஸ்டோன்ஸ்ஃபீல்ட் போன்ற ஊர்களில் அப்படி வராது. அங்கே கல்லை இலையுதிர்காலத்தில் வெட்டியெடுத்து, காயவிடாமல் ஈரத்தோடு வைத்திருப்பார்கள். குளிர்காலத்தில் கடும் உறைபனி விழும் இரவில் உள்ளே இருக்கும் நீர் பனிக்கட்டியாகி விரியும், கல் தானாகவே அடுக்கடுக்காகப் பிளந்துகொள்ளும். பனி விழப்போகிறது என்று தெரிந்தால் தேவாலய மணியை அடித்து ஊரையே எழுப்பி, கற்குவியலுக்குத் தண்ணீர் ஊற்றச் செய்வார்களாம். ஒருமுறை கல் காய்ந்துவிட்டால் அப்புறம் எந்தப் பனியாலும் அதைப் பிளக்க முடியாது. இப்படி இயற்கையை நம்பிச் செய்யும் வேலையில் எல்லாப் பலகையும் ஒரே அளவில் வருமா? பெரிது, நடுத்தரம், உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது என்று கலந்துதான் வரும். அளவு வாரியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ‘பேச்சலர்’, ‘விவெட்’ என்றெல்லாம் கூரைக்காரர்கள் சொல்வார்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. மழை பெய்தால் கூரையின் மேல் பாதியில் விழும் நீரும் சேர்ந்து கீழ்ப்பாதி வழியாகத்தான் ஓடவேண்டும். அதனால் இறவாணத்தில்தான் நீர் அதிகம். அங்கே இணைப்புகள் குறைவாக இருப்பது நல்லது, அதற்குப் பெரிய பலகை. முகட்டருகே நீர் குறைவு என்பதால் சின்னப் பலகைகள் போதும். எடையையும் பாருங்கள். இந்தக் கூரை நூறு சதுர அடிக்கு ஏறக்குறைய ஒரு டன் இருக்கும். கனமான பலகைகள் சுவருக்கு நேர் மேலே உட்கார்ந்துவிட்டால் கைமரங்களின் நடுவில் பாரம் குறையும்.

ஒவ்வொரு பலகையின் தலையிலும் ஒரு துளை, அதில் ஓக் மரத்தில் செதுக்கிய ஒரு முளை. அந்த முளை ரீப்பரில் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும். ஆணி அடிக்காமலே கூரை நிற்கும். உள்பக்கம் சுண்ணாம்பும் மாட்டு முடியும் கலந்த காரையைப் பூசி இடுக்குகளை அடைப்பார்கள். கூரை ஏன் அவ்வளவு செங்குத்து என்று கேட்டால், இந்தக் கல் நீரை உறிஞ்சும், பலகைகளும் சமமாக உட்காராது. ஐம்பது பாகைக்கு மேல் சாய்வு இருந்தால்தான் நீர் தங்காமல் ஓடும்.

சந்தேகி:
மோரிஸ் இந்தக் கூரையைப் பற்றி உருகி உருகி எழுதிவைத்தார், அதிலிருந்து போகிறவர் வருகிறவர் எல்லாம் உருகுகிறார்கள். மீன் செதிலோடும் பறவைச் சிறகோடும் ஒப்பிட்டு அவர் ரசித்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் காரைவாளி சொல்வதைப் பார்த்தால், குவாரியில் கிடைத்ததை வீணாக்காமல் போட்டார்கள், அவ்வளவுதான். இதில் கலைநயம் எங்கே வந்தது?

காரைவாளி:
// குவாரியில் கிடைத்ததை வீணாக்காமல் போட்டார்கள் //

அதேதான் சார், நானும் அதைத்தான் சொல்கிறேன். இந்த வீடுகளின் தோற்றத்தில் பாதி, மாட்டுவண்டிக் கணக்கும் குதிரைவண்டிக் கணக்கும்தான். கல்லை வெட்டும் செலவை விட ஏற்றிக்கொண்டு போகும் செலவு பல சமயம் அதிகம். அதனால் பணக்காரக் கட்டடங்களுக்குத்தான் கல் பயணம் செய்யும். பர்ஃபோர்டு, டெய்ன்டன் குவாரிகளின் நல்ல கல்லை வண்டியில் ஏற்றி ராட்காட் படித்துறைக்குக் கொண்டுவந்து, படகில் தேம்ஸ் வழியாக ஆக்ஸ்போர்டுக்கும் லண்டனுக்கும் அனுப்பினார்கள். லண்டனில் கட்டடக்கலைஞர் ரென் கட்டிய புனித பவுல் பேராலயத்தில் அந்தக் கல் இருக்கிறது. ராட்காட் கெல்ம்ஸ்காட்டிலிருந்து சில மைல்தான். ஆனால் பக்கத்தில் இருக்கும் விவசாயி அந்தக் கல்லால் நான்கு சுவரையும் எழுப்பமாட்டான். மூலைக்கல்லுக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் மட்டும் செதுக்கிய நல்ல கல்லை வாங்குவான். மீதிச் சுவருக்கு அருகில் தோண்டிய கரடுமுரடான கல்.

இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. சுவர் ஒரே திண்மக் கல் இல்லை. வெளிமுகம் ஒரு வரிசை, உள்முகம் ஒரு வரிசை, நடுவில் சில்லும் சுண்ணாம்பும். இடையிடையே இரண்டு முகத்தையும் பிணைக்க நீளக்கற்கள். அடியில் அகலமாக ஆரம்பித்து மேலே மெல்லக் குறுக்கிக்கொண்டு போனால் இப்படிப்பட்ட சுவர் வயிறு தள்ளாது. அந்தச் சாய்வைத்தான் நீங்கள் பார்த்தீர்கள்.

தாழ்வாரம்:
வடகிழக்குப் பகுதியைப் பற்றி நான் சொல்கிறேன். அதற்கு முன்னால் வீட்டின் உள்ளமைப்பைக் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

இங்கிலாந்தின் பழைய பண்ணைவீடு எதை எடுத்தாலும் நடுவில் ஒரு கூடம் இருக்கும். சமையல், சாப்பாடு, குளிர்காய்தல், வேலைக்காரர்களுக்குக் கூலி கொடுத்தல் எல்லாம் அங்கேதான். ஒரு பக்கம் வீட்டுக்காரரின் தனியறை, மறுபக்கம் பால், வெண்ணெய், பீர், தானியம் வைக்கும் அறைகள். கூடத்துக்கும் சேமிப்பறைகளுக்கும் நடுவே முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை குறுக்காக ஒரு நடை. கெல்ம்ஸ்காட்டில் தோட்டத்துப் பாதை நேராகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்த நடையில்தான். உள்ளே நுழைந்ததும் ஒரு பெரிய வரவேற்பு மண்டபத்தை எதிர்பார்ப்பவர்கள் அந்தக் குறுகல் நடையில் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள்.

இடைக்காலத்தில் அந்தக் கூடத்துக்கு மேல்தளம் கிடையாது. தரையின் நடுவில் தீ மூட்டுவார்கள், புகை கூரை வரை எழும்பி இடுக்கு வழியாகத் தானாக வெளியேறும். 16-ஆம் நூற்றாண்டில்தான் சாதாரண விவசாயி வீட்டுக்குச் சுவரோடு சேர்ந்த கல் அடுப்பும் புகைபோக்கியும் வந்தன. இதை வெறும் வசதி என்று தள்ளிவிடக்கூடாது. புகை ஒரு குழாய்க்குள் அடங்கியதும் கூடத்துக்கு மேலே தளம் போட முடிந்தது. தளம் வந்ததும் மாடியறை வந்தது, மாடியறைக்கு ஜன்னல் வந்தது, மாடிக்கு ஏறப் படிக்கட்டு வந்தது. வில்லியம் ஹாரிசன் என்ற எசெக்ஸ் பாதிரியார் 1577-இல் எழுதிய குறிப்பில், தன் ஊர் முதியவர்கள் மூன்று மாற்றங்களைச் சொல்லி வியப்பதாகச் சொல்கிறார்: புதிது புதிதாக முளைத்த புகைபோக்கிகள், வைக்கோலுக்குப் பதில் மெத்தையும் தலையணையும், மரத்தட்டுக்குப் பதில் பியூட்டர் என்ற வெள்ளீயக் கலவைத் தட்டு. புகைபோக்கிதான் பட்டியலில் முதலில் வருகிறது.

கெல்ம்ஸ்காட் மேனர் இந்த மாற்றம் முடிந்த பிறகு கட்டியது. அதனால் ஆரம்பத்திலிருந்தே மாடி உள்ள வீடு. வடகிழக்குப் பகுதி 17-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சேர்த்தது. அதற்குள் டர்னர் குடும்பத்திடம் காசு சேர்ந்திருந்தது, குடும்பச் சின்னமும் கிடைத்திருந்தது. கீழே மரப்பலகை பதித்த அறை, மேலே பைபிளில் வரும் சிம்சோன் கதையை நெய்த திரைகள் தொங்கும் அறை. கூரை உயரம் கூடியது, ஜன்னல்களும் பெரிதாயின. அந்த முக்கோண முகப்பு, லண்டனிலும் ஆக்ஸ்போர்டிலும் அப்போது நாகரிகமாக இருந்த ரோமானியப் பாணி. முழு வீட்டையும் அந்தப் பாணிக்கு மாற்றாமல், ஜன்னலின் தலையில் மட்டும் கொஞ்சம் வைத்துக்கொண்டார்கள். கல் அதே கல், கூரை அதே கூரை, கொத்தனாரும் உள்ளூர்க்காரராகத்தான் இருக்கவேண்டும். எனக்கு இந்த வீட்டிலேயே மிகவும் பிடித்த இடம் அதுதான். பட்டணத்து மோஸ்தரைக் கேள்விப்பட்ட ஒரு கிராமத்துக் கை தெரிகிறது.

சந்தேகி:
கொத்தனார் உள்ளூர்க்காரர் என்பதை ஊகமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. 1570-இலிருந்து 1640 வரை இங்கிலாந்துக் கிராமங்கள் எல்லாம் ஒரே மூச்சில் திரும்பக் கட்டப்பட்டன என்று வரலாற்றாசிரியர் ஹாஸ்கின்ஸ் 1953-இல் ஒரு கட்டுரை எழுதினார், ‘பெரும் மறுகட்டுமானம்’ என்று அதற்குப் பெயரும் வைத்தார். நீங்கள் சொல்வதும் ஏறக்குறைய அந்தக் கதைதான். ஆனால் மேச்சின் என்ற ஆய்வாளர் 1977-இல் தேதி பொறித்த வீடுகளைக் கணக்கெடுத்துப் பார்த்தபோது, உச்சம் அதற்கு ரொம்பப் பின்னால், 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வருகிறது. எல்லா ஊரும் ஒரே நேரத்தில் பணக்கார ஊராகிவிடவில்லை.

அப்படியே அடைத்த ஜன்னல்களைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். எந்தப் பழைய வீட்டுக்குப் போனாலும் ‘இது ஜன்னல் வரிக்காக அடைத்தது’ என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை.

தாழ்வாரம்:
மேச்சின் சொன்னது சரி, ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. தேதி பொறிக்கும் வழக்கமே பரவிய காலம் அது. தேதி உள்ள வீடுகளை மட்டும் எண்ணினால், பொறிக்காமல் கட்டிய பழைய வீடுகள் கணக்கில் வராது. வட்டாரத்துக்கு வட்டாரம் அலை வேறு வேறு நேரத்தில் அடித்தது என்பதைத்தான் இப்போது பலரும் ஏற்கிறார்கள். கெல்ம்ஸ்காட்டை ஒட்டிய சுண்ணாம்புக்கல் மலைப்பகுதியான காட்ஸ்வோல்டில் கம்பளிப் பணம் முன்பே வந்தது, வடக்கே பிந்தித்தான் வந்தது.

ஜன்னல் வரி 1696 முதல் 1851 வரை இருந்தது உண்மை, பலர் அதற்காக ஜன்னலை அடைத்ததும் உண்மை. ஆனால் அடைத்த ஒவ்வொன்றும் அதனால் இல்லை. உள்ளே படிக்கட்டை மாற்றியிருப்பார்கள், அலமாரி வைத்திருப்பார்கள், வெளித்தோற்றம் இரண்டு பக்கமும் ஒத்துப்போகட்டும் என்று கட்டும்போதே பொய் ஜன்னல் வைத்தவர்களும் உண்டு. வீட்டை ஆராய்பவர்களுக்கு அதைவிட உதவுவது 1662-இல் வந்த அடுப்பு வரி. ஒரு அடுப்புக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங். யார் வீட்டில் எத்தனை அடுப்பு என்று ஊர் ஊராக எழுதிவைத்த பட்டியல்கள் மிஞ்சியிருக்கின்றன. ஒற்றை அடுப்பா, நாலைந்தா என்பதிலேயே குடும்பத்தின் நிலை தெரிந்துவிடும். 1689-இல் அந்த வரியை எடுத்துவிட்டார்கள்.

டார்ட்மூர்வாசி:
காட்ஸ்வோல்டையே சுற்றிக்கொண்டிருக்கிறீர்களே, கொஞ்சம் தென்மேற்கே வாருங்கள். டெவன் மாவட்டம், டார்ட்மூர் மேட்டுநிலம். இங்கே கல் என்றால் கிரானைட். செதுக்கினால் மெல்லிய விளிம்பு வராது, சிற்பவேலை கனவிலும் வேண்டாம். அதனால் வீடே வேறு மாதிரி. பெரிய பாறைத் துண்டுகளை அப்படியே அடுக்கி, வாசலுக்கு மேல் ஒரே நீளக்கல்லைப் படுக்கவைத்துவிடுவார்கள்.

பாண்ட்ஸ்கேட் அருகே ஹையர் அப்பாகாட் என்ற நீள்வீடு இருக்கிறது. இடைக்காலத்தில் தொடங்கிய வீடு, தேசியப் பூங்கா நிர்வாகம் 1979-இல் வாங்கியது. இந்த வகை வீடுகளில் மனிதரும் மாடும் ஒரே கூரையின் கீழ், ஒரே வாசல் வழியாக. உள்ளே நுழைந்ததும் தாழ்வாரம் சொன்ன அதே குறுக்கு நடைதான். மேட்டுப் பக்கம் திரும்பினால் குடும்பத்தின் கூடம், சரிவான பக்கம் திரும்பினால் மாட்டுத்தொழுவம். தொழுவத்தின் தரை நடுவில் ஒரு வாய்க்கால், சிறுநீரும் கழுவிய நீரும் அதன் வழியாகச் சுவரில் உள்ள ஓட்டைக்குப் போய் வெளியேறும். வீடு எப்போதும் சரிவை ஒட்டியே நீளமாக நிற்பது இதற்காகத்தான். மற்ற பல நீள்வீடுகளில் பிற்காலத்தில் தொழுவத்தைச் சமையலறை, வரவேற்பறை என்று மாற்றிவிட்டார்கள். இங்கே தொழுவம் தொழுவமாகவே தப்பித்திருக்கிறது, அதனால்தான் பாதுகாக்கவேண்டிய கட்டடங்களின் அரசுப் பட்டியலில் இதற்கு முதல் நிலை.

கிரானைட்டில் காலம் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. கல்லின் விளிம்பில் நீளமான பிளவுக் குழிகள் இருந்தால் அது ஆப்பு அடித்துப் பிளந்த பழைய முறை. வரிசையாக அரைவட்டத் துளைத் தடங்கள் இருந்தால் துளையிட்டுப் பிளந்தது, அது 1800-ஐ ஒட்டித்தான் இங்கே பரவியது. ‘15-ஆம் நூற்றாண்டு வாசல்’ என்று பெருமையாகக் காட்டிய ஒரு கல்லில் துளைத் தடத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

டெவனில் இன்னொரு அதிசயமும் உண்டு. சில வைக்கோல் கூரைகளின் அடியடுக்கு இன்னும் கரிப்பிடித்து இருக்கிறது. தரை நடுவில் தீ எரிந்த காலத்துப் புகை. பழைய கூரையைப் பிரிக்காமல் அதன் மேலேயே புதிது வேய்வது வழக்கம் என்பதால் இடைக்காலத்து வைக்கோல், அதிலிருந்த களைகள், கதிர்கள்கூட உள்ளே மிஞ்சியிருக்கின்றன. அந்தக் காலத்தில் என்ன கோதுமை விளைந்தது என்று பார்க்கத் தாவரவியல் ஆட்கள் வந்துபோகிறார்கள்.

மழைத்தடம்:
மாடும் மனிதரும் ஒரே வாசல் என்றால் நாற்றம் எப்படித் தாங்கினார்கள் அண்ணா?

டார்ட்மூர்வாசி:
தாங்கினார்கள் என்பதை விட, அதனால் லாபம் பார்த்தார்கள் என்று சொல்லலாம். குளிர்காலத்தில் மேட்டுநிலத்துப் பனிக்காற்றில் மாடுகளை வெளியே விட முடியாது. அவற்றின் உடல் சூடு வீட்டுக்கும் கிடைக்கும், ராத்திரி கன்று ஈன்றால் பனியில் இறங்கி ஓடவேண்டியதில்லை. காசு வந்த பிறகு முதலில் செய்தது மாட்டுக்குத் தனி வாசல் வைத்ததுதான். ஹவுண்ட் டோர் என்ற இடத்தில் 14-ஆம் நூற்றாண்டில் கைவிட்ட ஒரு சிற்றூரின் அடிச்சுவர்கள் புல்லுக்குள் கிடக்கின்றன. நுழைவுச் சீட்டு எல்லாம் இல்லை, நடந்து போய்ப் பார்க்கலாம். எது கூடம், எது தொழுவம் என்று அங்கே நின்றாலே புரிந்துவிடும்.

ஏரிக்கரை:
வடக்கிலிருந்து என் பங்கு. ஏரி மாவட்டத்தில் ட்ரவுட்பெக் ஊரில் டவுன்எண்ட் என்ற பண்ணைவீடு, 1626-இல் கட்டியது. பிரவுன் குடும்பம் 1943 வரை அதே வீட்டில் இருந்தது. அங்கே கல் ஸ்லேட் வகை, தட்டையாகப் பிளக்கும், ஆனால் சதுர மூலை செதுக்குவது பெரும்பாடு. அதற்கு அவர்கள் கண்ட வழி, மூலையே இல்லாமல் கட்டிவிடுவது. புகைபோக்கிகள் உருளையாக நிற்கும். கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் இந்த வட்டப் புகைபோக்கிகளைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார். சந்தேகி கேட்ட ‘கலைநயம் எங்கே’ என்ற கேள்வியை அவரிடம் கேட்டிருக்கலாம்.

சுவருக்கு வெளியே கரடுமுரடான பூச்சும் அதன் மேல் சுண்ணாம்பு வெள்ளையும் உண்டு. கல் தெரிந்தால்தான் பழமை என்று நினைப்பவர்கள் அதைக் கொத்தி எடுத்துவிட்டு, பிறகு மழை சுவருக்குள் இறங்குகிறது என்று புலம்புகிறார்கள்.

சைட்இன்ஜினியர்:
நான் கோவையில் கட்டட வேலை பார்ப்பவன், இந்த வீடுகளை நேரில் பார்த்ததில்லை. ஒரு நடைமுறைக் கேள்வி. அடித்தளத்துக்கு மேல் ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு இல்லை, நதிக்கரை நிலம், ஆண்டு முழுக்க மழை. சுண்ணாம்புக் காரை இளகலானது. கல்லிடுக்குகளில் சிமென்ட் வைத்து நன்றாக பாயின்டிங் செய்து, உள்ளே நீர்த்தடுப்பு அடித்துவிட்டால் முடிந்ததே. ஏன் செய்யவிடமாட்டேன் என்கிறார்கள்?

காரைவாளி:
சார், இந்தக் கேள்வியைத்தான் இங்கே நான் அடிக்கடி கேட்கிறேன், அதுவும் வீட்டுச் சொந்தக்காரர்களிடமிருந்து.

இந்தச் சுவர் ஈரத்தைத் தடுத்து நிற்பதில்லை, வாங்கித் திருப்பிவிடுகிறது. மழையில் கொஞ்சம் உறிஞ்சும், வெயிலிலும் காற்றிலும் விட்டுவிடும். அப்படி விடுவதற்கு வழி, கல்லுக்கு நடுவே இருக்கும் சுண்ணாம்புக் காரை. அது கல்லை விட இளகல், நுண்துளைகள் அதிகம், அதனால் ஈரம் அதன் வழியாக வெளியேறும். உப்பும் அதிலேயே படியும், தேய்வதும் அதுவே. சில தலைமுறைக்கு ஒருமுறை காரையைச் சுரண்டிப் புதிதாக வைத்தால் கல் அப்படியே இருக்கும்.

சிமென்ட் வைத்தால் கணக்கு தலைகீழ். காரை கல்லை விடக் கெட்டி, ஈரம் அதன் வழியாகப் போகாது. எனவே கல்லின் முகம் வழியாகவே போகவேண்டும். குளிர்காலத்தில் அந்த ஈரம் முகத்துக்குப் பின்னால் உறைந்து விரியும், கல்லின் முகம் தகடு தகடாகக் கழன்று விழும். கூரைக்குப் பலகை செய்யத் துணைநின்ற அதே உறைபனி இங்கே சுவரைத் தின்கிறது. கடைசியில் பார்த்தால் சிமென்ட் கோடுகள் மட்டும் வலைபோலத் துருத்திக்கொண்டு நிற்கும், நடுவில் கல் குழிந்திருக்கும். காட்ஸ்வோல்டில் ஊர் ஊராக இதைக் காணலாம்.

இந்த வீடுகளில் ஈரம் என்றால் நான் முதலில் பார்ப்பது சுவரை இல்லை, சுற்றியுள்ள தரையை. முந்நூறு வருடத்தில் பூப்பாத்தி, கான்கிரீட் பாதை என்று மண்மட்டம் உள்தரையை விட உயர்ந்திருக்கும். அதை இறக்கி, மழைநீர்க் குழாயைச் சரிசெய்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும். ஜன்னலுக்கு மேலே புருவம்போல ஓடும் கல் விளிம்பையும் பாருங்கள். பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். சுவரில் வழியும் நீரை ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் தள்ளிவிடுவதற்கு அது. அது உடைந்த இடத்துக்கு நேர் கீழேதான் மரச்சட்டமும் அழுகும்.

ஏரிக்கரை:
காரைவாளி சொல்வதற்கு என் வீடே சாட்சி. நாங்கள் வாங்கிய கல் வீட்டின் மேற்குச் சுவரை முந்தைய உரிமையாளர் காலத்தில் ஒரு ஒப்பந்தக்காரர் சிமென்ட் வைத்து ‘நிரந்தரமாக’ச் சரிசெய்து கொடுத்திருக்கிறார். உள்பக்கம் பூஞ்சை, அலமாரியில் வைத்த துணியெல்லாம் நாற்றம். அடுத்து வந்த ஆள் சுவருக்குள் ரசாயனம் செலுத்தவேண்டும் என்று பெரிய தொகை கேட்டார். கடைசியில் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒருவர் சிமென்ட்டை உளியால் மெல்ல மெல்ல எடுத்தார். பாயின்டிங்கோடு கல்லின் முனையும் சேர்ந்து வந்தபோது பார்க்கவே மனசு கேட்கவில்லை. சுவர் காய ஒரு கோடை முழுக்கப் பிடித்தது. இப்போது பரவாயில்லை.

சந்தேகி:
சரி, சுண்ணாம்பு விஷயத்தில் வாதாட எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் பழுதுபார்ப்பு என்ற பெயரில் ஒரு வீட்டை எந்த ஆண்டில் நிறுத்திவைப்பது? டர்னர் குடும்பம் 17-ஆம் நூற்றாண்டில் தாராளமாக இடித்துச் சேர்த்துக் கட்டியது, யாரும் அனுமதி கேட்கவில்லை. இன்றைக்கு அனுமதியில்லாமல் ஒரு ஜன்னலை மாற்றினால் குற்ற வழக்கு. பண்ணைவீடு உயிரோடு இருந்தது அது மாறிக்கொண்டே இருந்ததால்தானே?

தாழ்வாரம்:
அந்தக் கேள்விக்கும் இந்த வீட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1876-இல் பக்கத்து ஊரான பர்ஃபோர்டின் தேவாலயத்தைப் ‘புதுப்பிக்கிறோம்’ என்று சுரண்டியதைப் பார்த்து மோரிஸ் கொதித்தார். அடுத்த ஆண்டு பழைய கட்டடங்களின் பாதுகாப்புக்காக ஒரு சங்கம் தொடங்கினார், அது இன்றும் இயங்குகிறது. அவர்கள் சொன்னது வீட்டை ஒரு ஆண்டில் நிறுத்தச் சொல்லி அல்ல. விக்டோரியா காலத்துக் கட்டடக்கலைஞர்கள்தான் அதைச் செய்தார்கள். பிற்காலச் சேர்க்கையை எல்லாம் இடித்துவிட்டு, 13-ஆம் நூற்றாண்டில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தாங்களே ஒன்றைக் கட்டினார்கள். சங்கத்தின் வாதம் அதற்கு நேர் எதிர்: எல்லாக் காலத்துச் சேர்க்கையும் இருக்கட்டும், ஒழுகினால் அடை, சாய்ந்தால் முட்டுக்கொடு, புதிதாகச் சேர்த்தால் அது புதிது என்று தெரியட்டும். அந்தக் கணக்கில் டர்னர்களின் முக்கோண முகப்பும் பத்திரமாக இருக்கும்.

ஆனால் சந்தேகி சொல்வதில் உறுத்தும் பகுதி ஒன்று உண்டு. மோரிஸ் குடித்தனம் வந்தபோதே இது முழுப் பண்ணைவீடாக இல்லை, வசதியுள்ளவர்கள் ஓய்வெடுக்க வந்த இடம். அவருடைய மகள் மே 1938-இல் இறந்தபோது வீடு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனது, 1962-இல் லண்டன் தொல்பொருள் ஆய்வாளர் சங்கத்திடம் வந்தது. 1960-களில் கட்டடக்கலைஞர் டொனால்ட் இன்சாலின் அலுவலகம் பெரிய பழுதுபார்ப்பைச் செய்தது, சமீபத்திய வேலை முடிந்து 2022-இல் மறுபடி திறந்தார்கள். அங்கே விவசாயம் நின்று பல காலமாகிவிட்டது. ஆகவே ‘பண்ணைவீடு’ என்பது இப்போது அதன் வடிவத்தில் மட்டும்தான் இருக்கிறது.

மழைத்தடம்:
வடிவத்தில் மட்டும் என்று சொல்லிவிட முடியுமா என்று தெரியவில்லை. பரணுக்கு ஏறிப் பார்த்தீர்களா? திரைகள் தொங்கும் அறையை விட்டுச் சிறிய படியேறினால், கைமரங்கள் அப்படியே தெரியும் அறைகள். வளைந்த ஓக் கட்டைகள் பக்கவாட்டில் முட்டுக்கொடுத்து நிற்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வளைவு. பண்ணை ஆட்களும் மேய்ப்பர்களும் அங்கே படுத்திருந்தார்கள் என்று மோரிஸ் எழுதியிருக்கிறார். நின்றால் தலை இடிக்கும், கூரைக்கல்லுக்கும் படுக்கைக்கும் நடுவே கொஞ்சம் காரைதான். ஜனவரி மாதத்தில் அங்கே தூங்குவதை நினைத்தால் எனக்கு மோரிஸின் ரசனை மேல் லேசாகக் கோபம்கூட வந்தது.

தோட்டத்தில் மூன்று பேர் ஒரே நேரத்தில் உட்காரக்கூடிய கழிப்பிடம் வேறு. பலகையில் வரிசையாக மூன்று துளை. கட்டடக்கலை ஆர்வலர்கள் அதை மட்டும் ஏன் வர்ணிப்பதில்லை என்று கேட்கத் தோன்றுகிறது.

சந்தேகி:
இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த தகவல் இதுதான்.

சைட்இன்ஜினியர்:
காரைவாளி சார், விளக்கத்துக்கு நன்றி. அந்த ஊர்ப் படங்களைத் தேடிப் பார்த்தேன். வீட்டுத் தோட்டங்களைச் சுற்றி ஆள் இடுப்பளவுக்குக் கற்பலகைகளை நட்டு நிறுத்தியிருக்கிறார்கள். அவையும் கூரைக்கல்தானா?

காரைவாளி:
அதே வகைப் பாறைதான். மெல்லியதாகப் பிரிந்தால் கூரைக்குப் போகும், தடியாக வந்தால் வேலிக்கும் தரைக்கும். பக்கத்து ஊரான ஃபில்கின்ஸிலும் தெருவெல்லாம் இதைப் பார்க்கலாம். மரவேலி பத்திருபது வருடத்தில் மக்கிவிடும், இது நட்டால் நட்டதுதான். ஒன்றோடொன்று சேரும் இடத்தில் மேல் விளிம்பில் இரும்புப் பற்றி போட்டு ஈயம் ஊற்றியிருப்பார்கள். துருப்பிடித்துக் கல்லைப் பிளந்திருந்தால் தவிர யாரும் அதைத் தொடக்கூடாது என்பது என் கட்சி. மழைத்தடம், அடுத்த முறை போகும்போது களஞ்சியத்தையும் புறாக்கூட்டையும் விட்டுவிடாதீர்கள், ஒரு பைனாகுலரும் எடுத்துப்போங்கள். கூரையில் பழுதுபார்த்த இடங்களில் பலகைகளின் நிறம் மாறியிருப்பது தரையிலிருந்தே தெரியும்.